பூட்டுக்காரர் வீட்டுக் கொட்டகை

அந்தத் தெருவில் சிஸ்டர் என்றால் ஒருத்திதான். காலமெல்லாம் ஆஸ்பத்திரி வார்டில் ராஜாங்கம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள். அடங்காத நோயாளிகளை ஒரே பார்வையில் கட்டிலோடு கட்டிப்போட்டவள். அப்பேர்ப்பட்டவளை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வீடே காவல் காத்தது. வீடு என்றால் பெரிய பட்டாளம் ஒன்றுமில்லை. முன்னறையில் கடை போட்டுச் சாவி வெட்டிக்கொண்டும் பூட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டும் இருக்கும் கணவர் ஒருவர். வேறு ஊரிலிருந்து போனிலேயே அதிகாரம் செய்யும் மகள் ஒருத்தி.

போன வருஷம் பின்பக்கத் தோட்டத்தில் பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்த சிஸ்டர், தரையில் கிடந்த தண்ணீர்க் குழாய் தடுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. முன்னறையில் சாவி வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அவள் கத்தியது கணவர் காதில் விழவில்லை. மெஷினை நிறுத்திய பிறகுதான் விழுந்தது. அப்புறம் ஆபரேஷன், உள்ளே தகடு, வாக்கர், ஊன்றுகோல் என்று எல்லாம் முறைப்படி நடந்து முடிந்தன. கடைசியாகப் பார்த்த டாக்டர், "எலும்பு நல்லா கூடிடுச்சு சிஸ்டர். இனி வழக்கமான வேலையெல்லாம் மெதுவா ஆரம்பிக்கலாம்" என்று வாய் நிறையச் சொல்லி அனுப்பினார். பக்கத்தில் நின்ற கணவருக்கு அதில் 'மெதுவா' மட்டும்தான் கேட்டது. போனில் விவரம் கேட்ட மகளுக்கு அதுவும் கேட்கவில்லை.

"அம்மா, இந்த வருஷம் தோட்டம் கீட்டம்னு ஆரம்பிக்காத. தக்காளி கடையில கிடைக்காதா?"

"கிடைக்கும். உங்கப்பாவுக்குச் சாப்பாடுகூடத்தான் ஓட்டல்ல கிடைக்கும். அதுக்காக அடுப்ப ஒடச்சுட்டேனா?"

மகள் அம்மாவிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று அப்பாவிடம் பேசினாள். அவர் செய்த காரியம்தான் சிஸ்டருக்குக் கோபத்தை உச்சந்தலைவரை ஏற்றியது. தோட்டத்து மூலையில் தகரக் கதவு போட்ட ஒரு சின்னக் கொட்டகை உண்டு. மண்வெட்டி, களைக்கொத்து, பூவாளி, மட்கிய உர மூட்டை எல்லாம் அதற்குள்தான். கடையில் இருப்பதிலேயே உசத்தியான பூட்டை எடுத்துக் கொண்டுபோய் அந்தத் தகரக் கதவில் மாட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் மனுஷர்.

"உன் நல்லதுக்குத்தான்" என்றார்.

இந்த வார்த்தையை வார்டில் எத்தனையோ பேரிடம் சிஸ்டரும் சொல்லியிருக்கிறாள். கேட்கிற இடத்தில் இருந்து கேட்டால் இவ்வளவு கசக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

இத்தனைக்கும் பருவத்துக்கான வேலையை அவள் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தாள். போன வருஷ விதைகளை ஈரத்துணியில் முடிந்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, முளைத்த ரகத்தை வைத்துக்கொண்டு முளைக்காததைக் குப்பையில் கொட்டியது யாருக்கும் தெரியாது. காலித் தயிர்க் கோப்பைகளின் அடியில் ஊசியைச் சுட்டு ஓட்டை போட்டு, தொட்டி மண்ணை நிரப்பி, தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் ஊன்றிச் சமையலறை ஜன்னலில் வரிசையாக வைத்திருந்தாள். கணவர் அதைப் பார்த்து, பொழுது போக ஏதோ செடி வைக்கிறாள் என்று சந்தோஷப்பட்டார். செடி பொழுதுபோக்குக்கா வளரும்? இப்போது நாற்றெல்லாம் கோப்பையை மீறி வளர்ந்து, அடியில் வேர் எட்டிப்பார்க்க ஆரம்பித்துவிட்டது. தக்காளி வெளிச்சம் தேடிக் கண்ணாடியில் சாய்ந்து கிடந்தது. காலை வெயிலுக்குக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து எடுத்துப் பழக்கியும் ஆயிற்று. இந்த வாரம் மண்ணில் இறக்காவிட்டால் கோப்பையிலேயே இலை பழுத்துப் போகும். வெளியே பாத்தியோ முழங்கால் உயரக் களையோடு கிடந்தது.

நாற்று போனால் போகட்டும் என்று விட்டிருப்பாள். அதோடு தானும் போய்விடுவோம் என்பதுதான் அவள் பயம். இந்தப் பருவம் உட்கார்ந்தால் அடுத்த பருவமும் உட்காரவைப்பார்கள். அப்புறம் மாடிப்படி கூடாது என்பார்கள், அடுப்பு கூடாது என்பார்கள். நடக்க முடிந்தும் நாற்காலியிலேயே உறைந்துபோன எத்தனை பேரை அவள் பார்த்திருக்கிறாள். உடம்பு தேறியவளை நோயாளியாகவே வைத்துக்கொள்வதில் வீட்டாருக்கு அப்படி என்னதான் நிம்மதியோ.

முதலில் சாம்பார் கரண்டியால் பாத்தியைக் கிளறிப் பார்த்தாள். கரண்டிதான் வளைந்தது, மண் அசையவில்லை. ராத்திரி வளைந்த கரண்டியாலேயே பரிமாறினாள். கணவர் கரண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குனிந்து சாப்பிட்டார்.

மறுநாள், சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பதாக யாரோ கூப்பிட, அவர் கைப்பையோடு கிளம்பிப் போனார். சிஸ்டர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். பூட்டைக் கையில் ஏந்திப் பார்த்தாள். குறை சொல்ல முடியாது, இரும்புக்குண்டு மாதிரி இருந்தது. பிறகு கதவின் மறுபக்கத்தைப் பார்த்தாள். அங்கே மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கீல். கீலின் ஸ்குரூ எல்லாம் வெளிப்பக்கம், பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தன. இவ்வளவு காலம் தொழில் செய்த மனுஷர் கதவைப் பார்க்கவே இல்லை, பூட்டை மட்டும் பார்த்திருக்கிறார்.

அவருடைய கடைக்கே போய், அவருடைய ஸ்குரூடிரைவரையும் எண்ணெய்க் குப்பியையும் எடுத்து வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் குளிப்பதற்கு வாங்கிய ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, துருவுக்கு எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசி ஸ்குரூ விழுந்ததும் கதவு பூட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மறுபக்கமாகத் திறந்தது.

கணவர் திரும்பி வந்து அந்தக் கோலத்தைப் பார்த்து, பின்வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?"

"உங்க பூட்ட நான் தொடவே இல்ல. நல்ல பூட்டு. அப்படியே இருக்கு பாருங்க."

அவருக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்திருக்கும், ஆனால் அதற்குள் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"நீ அன்னிக்கு எவ்வளவு நேரம் கத்தினியோ, எனக்குத் தெரியாது. இப்பவும் மெஷின போட்டா உன் சத்தம் கேக்குற மாதிரியே இருக்கு. நிறுத்திக் கேக்குறேன். ஒண்ணும் இல்லைன்னு மறுபடி போடுறேன்."

மெஷின் கொஞ்ச நாளாக நின்று நின்று ஓடுவதைச் சிஸ்டரும் கவனித்திருந்தாள். பழசாகிவிட்டது, விற்றுவிட்டுப் புதுசு வாங்க வேண்டும் என்றுகூட நினைத்திருந்தாள். மனசு இளகத்தான் செய்தது. இளகியதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"அது உங்க பயம். உங்க பயத்துக்கு நான் எத்தன நாள் மருந்து சாப்பிடுறது?"

பதில் வரும்வரை காத்திருக்கவும் இல்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு மண்வெட்டியைக் கையில் எடுத்தாள். பாத்தி ஓரத்தில் காலை அகட்டி நின்று ஓங்கினாள். மண்வெட்டி இடுப்புவரைதான் ஏறியது. அதற்கு மேல் ஏறாமல் பொத்தென்று விழுந்து, களையின் தலையை மட்டும் சீவியது. மறுபடி ஓங்கினாள். இடுப்பு சுருக்கென்றது. மூன்றாவது தடவை மண்வெட்டி அவள் கையை மீறிப் பக்கவாட்டில் சாய்ந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. வலியால் இல்லை, ஆத்திரத்தால். கதவையே கழற்றிவிட்டு வந்தவளை ஒரு பாத்தி மண் தோற்கடித்துவிட்டதே என்ற ஆத்திரம்.

கணவர் வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். நான்தான் அப்பவே சொன்னேனே என்று வரும். சிஸ்டர் ஒரு விரலைத் தூக்கினாள்.

"சொல்லாதீங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மண்வெட்டியைப் பார்த்தாள், களையைப் பார்த்தாள், சமையலறை ஜன்னலில் சாய்ந்து கிடந்த தக்காளியைப் பார்த்தாள். இதோடு எழுந்து உள்ளே போய்விட்டால் யாரும் ஒரு குறையும் சொல்லப்போவதில்லை. மகள் போனில் கொஞ்சுவாள். கணவர் டீ போட்டுத் தருவார். அதை நினைத்தபோதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மண்வெட்டி என்னால முடியாது" என்றாள்.

"அதத்தான் நானும்..."

"நீங்க சொல்லக் கூடாது. நான் தூக்கிப் பாத்துட்டு நான் சொல்லணும். என்னால எது முடியாதுங்கறத நான்தான் சொல்லணும். நீங்க பூட்டு போட்டுச் சொல்லக் கூடாது. உங்க பொண்ணு போன் போட்டும் சொல்லக் கூடாது. புரியுதா?"

அவர் பூட்டோடு தொங்கிய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி" என்றார்.

"என்ன சரி? சட்டைக் கைய மடிச்சு விடுங்க. வெட்டுங்க."

ஆயுசில் அரத்தைத் தவிர வேறொன்றைப் பிடிக்காத கை அது. மண்ணுக்கு வலிக்குமோ என்பதுபோல் சுரண்டிக்கொண்டிருந்தார். "என்ன, சாவியா வெட்டுறீங்க? ஆழமா போடுங்க" என்று ஸ்டூலிலிருந்து குரல் வந்தது. வெட்டிப் போட்ட மண்ணிலிருந்து களையை உருவி, வேரில் ஒட்டிய மண்ணை உதறி, ஒரு பக்கமாகக் குவிப்பது அவள் வேலை. கட்டியை உடைத்து உரத்தைக் கலப்பதும் அவள்தான். பாத்தி நகர நகர ஸ்டூலும் நகர்ந்தது. அன்றைக்கு அப்புறம் கடை திறக்கவே இல்லை. மறுநாள் மண்ணை நனைத்து ஆறவிட்டார்கள். அவருக்குக் கையெல்லாம் கொப்புளம். அவள் மருந்து போட்டுக் கட்டுப்போட்டாள், நாளைக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே.

அதற்கடுத்த நாள் வெயில் தாழ்ந்ததும் நடவு ஆரம்பித்தது. கோப்பையைக் கவிழ்த்துத் தட்டி, வேர் உடையாமல் நாற்றை உள்ளங்கையில் வாங்கினாள். தக்காளியின் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுக் கழுத்துவரை புதைத்தாள். அவர் அடுத்த குழியைத் தோண்டிக்கொண்டே வந்தார். இடுப்பு வலிக்கத்தான் செய்தது. வலித்தால் நிமிர்ந்து உட்கார்ந்தாள், விட்டதும் குனிந்தாள். இவ்வளவு நாளும் நாற்காலியில் உட்கார்ந்து மட்டும் வலிக்காமலா இருந்தது?

அப்பாவின் போன் கடையிலேயே கிடந்து அடித்து ஓய்ந்ததில், பதறி அடித்துக்கொண்டு மகள் பஸ் பிடித்து வந்துவிட்டாள். வீட்டுக்குள் ஆளைக் காணாமல் பின்பக்கம் ஓடி வந்தவள், கொட்டகைக் கதவு பூட்டோடு தொங்குவதையும், அப்பா மண்வெட்டியோடு நிற்பதையும், முழங்கைவரை சேறாக அம்மா குனிந்திருப்பதையும் ஒரே மூச்சில் பார்த்தாள்.

"அப்பா! அம்மாவ யாரு தோட்டத்துக்கு விட்டது?"

சிஸ்டருக்கு நாக்கின் நுனியில் பதில் இருந்தது. வார்டையே அதிரவைக்கும் பதில். ஆனால் கேள்வி அவளிடம் கேட்கப்படவில்லை. எப்போதும்போல அவளைத் தாண்டி அவரிடம் போயிருந்தது. அவள் நிமிரவில்லை. செடியைச் சுற்றி மண்ணை அணைத்த கை மட்டும் நின்றது.

பூட்டுக்காரர் கட்டுப்போட்ட கையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"விடறதுக்கு நாம யாரும்மா?" என்றார்.