நின்றுபோன சத்தம்

சங்கரன்கோவிலில் ஒரு தறிக் கொட்டகையில் நாலு விசைத்தறிகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறவன் மகாராஜா. அந்த இரைச்சல் அவனுக்கு அடைமழை மாதிரி. அதற்குள் பாதிக் கனவில் மிதந்துகொண்டே வேலை பார்ப்பான். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒரு தறி நின்றால் போதும், சட்டென்று திரும்பிவிடுவான். தறிக்காரன் காதுக்கு ஓடுவது கேட்காது, நிற்பதுதான் கேட்கும்.

முப்பது வயதாகியும் பெண் அமையாத அவன், போனில் ஒரு குரூப்பில் கிடந்தான். தங்கள் மூஞ்சியை எவளும் பார்க்கமாட்டாள் என்று பெண்களை ஏசியே பொழுதைப் போக்கும் ஆண்களின் குரூப் அது. அதில் 'நிழல்' என்றொருவன் தினமும் காலையில், "இன்னைக்கும் உசுரோட இருக்கேன்" என்று எழுதுவான். "இன்னுமா இருக்க?" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். நேற்று மகாராஜாவும் சிரித்தான்.

இன்று அந்த வரி வரவில்லை. நாலு தறியும் ஓடிக்கொண்டிருக்க, ஐந்தாவது ஒன்று எங்கோ தூரத்தில் நின்றுபோனதாக அவனுக்குத் தோன்றியது. குரூப்பில் இருந்த நம்பரைப் பார்த்து நிழலுக்குப் போன் போட்டான். ஏழாவது தடவைதான் நிழல் எடுத்தான்.

"யாரு?"

மழைக்கு அப்பாலிருந்து வருவதுபோல் ஒரு குரல். சரியாகக் கேட்கவில்லை. மகாராஜா நாலு தறிகளையும் நிறுத்தினான். கொட்டகையே திரும்பி அவனைப் பார்த்தது.

"நேத்து சிரிச்சவன்தான் பேசுதேன். எங்கன இருக்க?"

"ராயகிரி" என்றது குரல்.

"போனை வைக்காதலே. பேசிக்கிட்டே பஸ் ஏறுதேன்."

"எதுக்கு?"

"உன் சத்தம் நின்னுபோச்சுல்லா."