பச்சை ஒளிராத தூரம்

1

இந்தக் கதையைச் செல்வராணியிடமிருந்து எடுத்தேன். கேட்டு எடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு நீங்கள் திட்டும்போது கொஞ்சம் குறைவாக வலிக்கும்.

எழுதிக் கிழித்த முதல் வரி: 'ஒரு பச்சை மூலக்கூறும் ஒரு சிவப்பு மூலக்கூறும் காதலித்தன.' சகிக்கவில்லை. அடுத்தது: 'பச்சை தன் வெளிச்சத்தைச் சிவப்புக்குக் கொடுத்துவிட்டு இருண்டு—' இது தப்பு. தப்பு என்று சொல்லிக் கொடுத்தவளும் செல்வராணிதான்.

2

செல்வராணிக்கு நாற்பத்தெட்டு வயது. கெலாங் பாத்தா என்ற ஊரில் தனியாக இருக்கிறாள். பக்கத்து ஆய்வுக்கூடத்தில் மைக்ரோஸ்கோப் அவள் பொறுப்பு. இரண்டு புரதங்கள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றில் பச்சையாக ஒளிரும் மூலக்கூறையும் மற்றதில் சிவப்பாக ஒளிர்வதையும் ஒட்டி, நீல லேசரை அடிப்பாள். நீலத்தை உறிஞ்சுவது பச்சை மட்டும்தான். தனியாக இருந்தால் அது ஒளிரும். மிக நெருக்கத்தில் சிவப்பு இருந்தால் பச்சை மங்கிவிடும். நீலத்தைச் சட்டை செய்யாத சிவப்பு ஜொலிக்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஏதோ கூட்டத்துக்காக ஆறு மணி நேரம் பயணம் செய்து ஈப்போவிலிருந்து வந்த தங்கை வாசுகி, வீட்டுச் சாவி வாங்க அங்கே போனாள். செல்வராணி அவளை இருட்டறைக்குள் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினாள்.

"பச்சை தன்னோட வெளிச்சத்த சிவப்புக்குக் குடுக்குதா?"

"இல்லடி. வெளிச்சமா வர்றதுக்கு முன்னாடியே சக்தி அங்க போயிடும். பச்சை ஒளிரவே ஒளிராது."

"எவ்ளோ கிட்ட இருக்கணும்?"

"தலைமுடி தடிப்புல பத்தாயிரத்துல ஒரு பங்கு. தூரம் ரெண்டு மடங்கானா, போற வேகம் அறுபத்து நாலுல ஒரு பங்காயிடும். கிட்ட இருந்தா மட்டும் பத்தாது லா. பச்சை விடப்போற நிறமும் சிவப்பு வாங்குற நிறமும் ஒத்துப் போகணும்."

"சிவப்புனாலதான் பச்சை மங்குச்சுன்னு எப்படி நிச்சயமா சொல்லுவ?"

"சிவப்ப எரிச்சுப் பாப்போம்."

சிவப்பின் மேல் பலமான ஒளியைப் பாய்ச்சினாள். அது கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது.* அணைய அணையப் பச்சை பளிச்சென்று எழுந்தது.

"அலமாக்," என்று திடுக்கிட்டாள் வாசுகி.

(* எரிந்த சிவப்பு திரும்ப ஒளிராதாம். கேட்டுப் பார்த்துவிட்டேன்.)

3

வாசுகி எழுத்தாளர். செல்வராணி வேலையில் சேர்ந்ததிலிருந்து, இவள் கல்யாணம் கட்டி ஈப்போவுக்குப் போகும்வரை, பத்தொன்பது வருஷம் அக்காவும் தங்கையும் ஒரே வீடு. செல்வராணி வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கி லேப்ல என்ன ஆச்சுன்னா..." என்று ஆரம்பிப்பாள். மீதியை வாசுகி முடித்துவிடுவாள், அக்கா சொல்ல வந்ததைவிட அழகாக. அடுத்த மாதம் அது பத்திரிகையில் வரும். மேடையில் வாசுகிக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். செல்வராணி கீழே அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு கைதட்டுவாள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை.

தங்கை கல்யாணமாகிப் போன பிறகு செல்வராணி அழுதுகொண்டே இருந்ததாகத்தான் முதலில் எழுதினேன். அவள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. கோயில் வாட்ஸாப் குழுவில் ஒரு காணொளி வந்தது. வெள்ளிக்கிழமை பூசையில் செல்வராணி கண்ணை மூடித் தேவாரம் பாடிக்கொண்டிருக்கிறாள். இப்படி ஒரு குரல் அதே வீட்டில் இருந்தது வாசுகிக்கே தெரியாது. இப்போது வாராவாரம் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

பாடி முடித்து வீட்டுக்குப் போகும்போது, வழி தெரிந்தும், வழி சொல்லும் வேஸ் செயலியைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறாள். காரில் யாராவது பேசினால் போதும் அவளுக்கு. (வேஸ் நான் சேர்த்தது. உண்மையாக இருந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.)

4

ஜனவரியில் வாசுகியைக் கட்டியவர் பிரிந்து போய்விட்டார். இன்று காலை அவள் அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: 'அக்கா, நான் அங்கயே வந்து இருந்துடட்டா? தனியா முடியல.'

உடனே இரண்டு நீலக் குறிகள் விழுந்தன.

முடிவு ஒன்று: 'வாடி' என்கிறாள். வீடு பேச்சால் நிறைகிறது. சில மாதங்களில் வெள்ளிக்கிழமை வேறு யாரோ பாடுகிறார்கள்.

முடிவு இரண்டு: 'வேணாம்மா.' காலியான வீட்டில் ஒருத்தி நன்றாகப் பாடுகிறாள். ஈப்போவில் இன்னொருத்தி—

முடிவு மூன்று: அக்கா வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிற யோங் பெங்கில் ஒரு வீடு பார்க்கலாம். தினமும் பார்க்க முடியாத, ஆனால் நினைத்தால் வந்துவிடக்கூடிய தூரம். மூலக்கூறுகளுக்குத் தூரத்தை அளந்து வைத்திருக்கிறார்கள். அக்கா தங்கைக்கு யாரும் அளக்கவில்லை.

5

வாசுகி நான்தான். எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள்.

இதை எழுதும்போது போன் பக்கத்திலேயே கிடக்கிறது. அக்கா பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. நாற்பது நிமிஷமாக இதே கதை. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும். அவள் அனுப்பப்போவதைவிட மேலே இருக்கிற மூன்றும் அழகாக இருக்கும். அதுதான் என்னிடம் இருக்கிற கோளாறு. அவளுக்காக நாலாவதாக ஒன்றை—

வேண்டாம். முடிவை உங்களிடம் கொடுக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்களும் முடித்துவிடாதீர்கள்.

அக்கா இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.