வெள்வேலந் தழை

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த மூன்றாம் நாள். நைனார்பாளையம் சாலையில் கொளஞ்சியப்பன் மறியலுக்காகக் குறுக்கே வெட்டிச் சாய்த்திருந்த வெள்வேல மரத்தை அவருடைய செம்மறிகளே மொய்த்துக்கொண்டிருந்தன. வாடிய வெள்வேலந் தழை ஆட்டுக்கு விஷம். மரம் நின்றவரை எட்டாத தழை, இப்போது வாய்க்கு நேராகக் கிடந்தது.

அவர் ஓடிவந்து விரட்டுவதற்குள் இரண்டு ஆடுகள் காலை உதறிக்கொண்டு விழுந்தன. மூன்றாவது தள்ளாடியது.

"சின்னசேலத்துல ஊசி இருக்குது. மாட்டு டாக்டர ஜீப்புல இட்டுக்கினு வாய்யா!" அவர் மனைவி அஞ்சலை அலறினாள்.

"ஜீப்பு எப்பிடிடி வரும்? வழியெல்லாம் மரம் கெடக்குது."

"எவன் வெட்டுனான்?"

"நான் வெட்டுனது இது ஒண்ணுதான்டி."

மூன்றாவது ஆடும் சாய்ந்தது. அஞ்சலை அதன் தலையை மடியில் தாங்கினாள்.

"எல்லாரும் ஆளுக்கு ஒண்ணுதான்யா வெட்டுனாங்க."