ருசி சொல்லும் ஆள்

டாக்டர் இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஆன்செல்ம் ஜன்னலைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"கொஞ்சம் உட்காருங்க சார்" என்றார் டாக்டர்.

"இவ்வளவு நேரம் உட்கார்ந்துதான் இருந்தேன்."

அவர் உட்காரவே இல்லை. விடிந்ததும் மனைவி ஜிஸ்லேனின் கை சில்லிட்டிருப்பதைத் தொட்டுப் பார்த்ததிலிருந்து, அந்த விடுதி அறையில் கட்டிலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தார். அவள் தலையில் கட்டியிருந்த துணி ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதை நேராக்கினார். யாரோ மாதிரி இருந்தாள். பழையபடி சரித்து விட்டார்.

டாக்டர் போனதும் மகன் திபோ போனில் கத்தினான்.

"எங்கயும் போகக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கல்ல? ஏன்ப்பா கூட்டிட்டுப் போனீங்க?"

"அவதான்டா கேட்டா."

"அம்மா கேட்பாங்க. நீங்க மாட்டேன்னு சொல்லியிருக்கணும்."

ஆன்செல்ம் மேஜை மேலிருந்த தண்ணீர்க் குவளையை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"சரி, நான் ரயில்ல வரேன். சாயங்காலம் ஆயிடும். எங்கயும் போகாம அங்கயே இருங்க."

பெல்ஜியத்தில், அவர்கள் ஊரான நமூரில், அவள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தாள். இவர் தபால் ஆபீஸில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தார். ஒவ்வொரு இலையுதிர் காலத்துக்கும் ஒரு ஒயின் ஊர் என்று அவள் வைத்திருந்தாள். மோசெல் ஆற்றங்கரையின் செங்குத்துச் சரிவுகள், பியெமோந்தேயின் மூடுபனி, டோரோவின் படிக்கட்டு வயல்கள். அவள் குடிப்பாள், இவர் கார் ஓட்டுவார். திராட்சைத் தோட்டக்காரர்கள் இருவருக்கும் ஊற்றுவார்கள். இவர் வாயில் வைத்துவிட்டு வாளியில் துப்பிவிடுவார். "இவர் நம்ம டிரைவர், கண்டுக்காதீங்க" என்பாள் அவள்.

வசந்தத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தபோது அவள் நாக்கு செத்துப்போயிருந்தது. ரொட்டியும் ஒன்றுதான், சோப்பும் ஒன்றுதான் என்றாள். ஆனால் பிரான்சின் ஜூரா மலையடிவாரம் மட்டும் பாக்கி இருந்தது.

"எனக்குத்தானே ருசி போச்சு? உனக்கு இருக்கே. நீ குடிச்சுச் சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

நேற்று போன முதல் தோட்டத்திலேயே சண்டை வந்தது.

"என்ன தெரியுது?"

"ஒயின் தெரியுது."

"யோவ் டிரைவரே! இத்தனை வருஷம் என்கூடச் சுத்தினதுக்கு இதுதானா?"

"புளிக்குது. எலுமிச்சை."

"எலுமிச்சையில எது? தோலா, சாறா?"

"நாக்கு உன்னுது இல்லம்மா, என்னுது. அதுக்கு இவ்வளவுதான் பேசத் தெரியும்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நிலவறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தாள்.

இன்று காலை கடைசித் தோட்டத்துக்குப் போவதாக இருந்தது. ஜூராவின் மஞ்சள் ஒயினை அவள்தான் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். வரவில்லை என்று சொல்லிவிட ஆன்செல்ம் போன் செய்தார். அறுவடை நேரம், யாரும் எடுக்கவில்லை. உடலை எடுத்துப்போகும் வண்டி மதியத்துக்கு மேல்தான் வரும்.

"நான் பக்கத்துல இருக்கேன். நீங்க வெளிய போய்க் காத்து வாங்கிட்டு வாங்க" என்றாள் விடுதிக்காரி.

சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்றுதான் மேடேறினார். வாசலிலேயே தோட்டக்காரி பெரின் நின்றிருந்தாள். திராட்சைப் பிசுக்கு காயாத கையை நீட்டாமல், முழங்கையை நீட்டினாள்.

"வாங்க சார், மேடம் எங்க? போன வாரம் என்னைப் போன்ல உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க. மண்ணு என்ன, அடியில பாறை என்னன்னு ஒரே கேள்வி."

உள்ளே கவிழ்த்த பீப்பாய் மேல் இரண்டு கோப்பைகள் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. ஆன்செல்ம் வாயைத் திறந்தார்.

"ரூம்ல படுத்திருக்கா. என்னைக் குடிச்சுப் பார்த்துட்டு வந்து சொல்லச் சொன்னா."

சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தார். அதில் பொய் எதுவும் இல்லை.

பெரின் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து ஊற்றினாள். "இதுல குறைஞ்சதை நிரப்ப மாட்டோம் சார். மேல ஏடு மாதிரி படியும். கலைக்காம வருஷக்கணக்கா அப்படியே விட்டுடணும். கிட்ட வந்து வந்து பார்த்துட்டுச் சும்மா போகணும், அதான் கஷ்டம்."

பீப்பாய்களுக்கு இடையில் நடந்துகொண்டே அவர் வாயில் ஊற்றிக்கொண்டார். பழக்கத்தில் வாளியைத் தேடிக் குனிந்தார். அப்படியே நின்றார். விழுங்கினார்.

"சாக்கு" என்றார்.

"என்னது?"

"தபால் மூட்டைச் சாக்கு. மழையில நனைஞ்சு, ஹீட்டர் மேல போட்டுக் காய வச்சா ஒரு வாசனை வருமே, அது. அப்புறம் வால்நட். பருப்பு இல்ல, அதுமேல ஒட்டியிருக்குமே தோல், நாக்கைப் பிடிச்சு இழுக்குமே, அது. கடைசியில உப்பு. இருங்க, உப்பு இல்ல. கையில அடிபட்டா வாயில வச்சுக்குவோமே, அந்த ருசி. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. பத்தாது. அவ விட மாட்டா, கேள்வி மேல கேள்வி கேட்பா."

பெரின் சிரித்துக்கொண்டே ஊற்றினாள். அவர் நிறுத்தவில்லை. நடந்தபடி குடித்தார், குடித்தபடி பேசினார். இத்தனை வார்த்தைகள் தனக்குள் எங்கே இருந்தன என்று அவருக்கே தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த போன் அடித்தது. பெரின் எடுத்தாள்; விடுதிக்காரி பேசினாள். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்தாள். திறந்திருந்த பீப்பாயை மூடினாள்.

"வண்டி சீக்கிரமே வந்துடுச்சாம் சார்."

"ம்."

அவள் ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரோடு சேர்ந்து இறங்கினாள்.

அறை வாசலில் கறுப்புக் கோட்டுக்காரர்கள் இருவர் காத்திருந்தார்கள். ஆன்செல்ம் அவர்களைத் தாண்டி உள்ளே போய்க் கட்டிலருகே மண்டியிட்டார். மனைவியின் காதுப்பக்கம் குனிந்து பேச ஆரம்பித்தார். விடுதிக்காரி கதவைச் சாத்தினாள். கோட்டுக்காரர்களில் ஒருவர் வெளியே போய் வண்டியின் இஞ்சினை அணைத்துவிட்டு வந்தார்.

திபோ வந்து சேர்ந்தபோது வண்டி புறப்பட்டுப் போயிருந்தது. ஆன்செல்ம் முற்றத்தில் காரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். மகன் கட்டிப்பிடித்தான். உடனே விலகி முகத்தைப் பார்த்தான்.

"குடிச்சிருக்கீங்களாப்பா?"

"ஆமா."

"இன்னைக்கா?"

ஆன்செல்ம் பையில் சாவியைத் தேடினார். திபோ கையை நீட்டினான்.

"சாவியைக் கொடுங்க. நான் ஓட்டறேன்."

அவர் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினார். ஜிஸ்லேனின் இருக்கை முன்னால் தள்ளியிருந்தது. முழங்கால் இரண்டும் முன்பலகையில் இடித்தன. உடம்பை மடக்கி, பெல்ட்டைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"அடியில ஒரு பிடி இருக்கும்ப்பா. அதைத் தூக்கிட்டுச் சீட்டைப் பின்னால தள்ளுங்க."

"இருக்கட்டும்" என்றார். "நீ எடு."