கரண்டுத் திரி

வெடி சுற்றிப் பிழைக்கிற எங்கள் விஸ்வநத்தத்தில் மணிமுத்து அண்ணாச்சிக்குத் தெரியாத விஷயம் எதுவும் கிடையாது. தெரியாததைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசுவார். கோயில் திருவிழாக்களில் வாணவேடிக்கை விடுவது அவருடைய காண்டிராக்ட். விடுவது என்றால் அவர் விடமாட்டார். வேட்டி கசங்காமல் மைக் செட் பக்கத்தில் நிற்பார். மண்ணில் பாதி புதைத்த குழாய்களுக்கு நடுவே குனிந்து, கம்பில் கட்டிய ஊதுபத்தியால் திரியைத் தொட்டுவிட்டு ஓடுவது என் அக்கா பாண்டிலட்சுமியின் புருஷன் மகேஷ்குமார்.

போன மாசியில் பக்கத்து ஊர் ஒன்றில் இதே வேலை பார்த்த ஒருவருக்கு, குழாய் முந்திக்கொண்டு வெடித்து வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரே பேச்சுதான். மச்சான் இனிமேல் பற்றவைக்கப் போகக் கூடாது. மச்சானுக்கோ ஊரே காதைப் பொத்திக்கொண்டு தன்னைப் பார்ப்பதில் ஒரு பெருமை. கூலி கொடுக்காவிட்டாலும் அந்தப் பெருமைக்காகவே போய் நிற்கிற ஆள். அண்ணாச்சிக்கும் அது தெரியும்.

அக்கா நேராக அண்ணாச்சி வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் சிரித்தார்.

"நானே யோசிச்சுட்டேன் தாயி. இந்தப் பங்குனிக் கோயில் பொங்கலுக்கு எல்லாம் கரண்டுதான். தூரத்துல நின்னு சுவிட்ச அமுக்குனா மேல பூவாப் பூக்கும். உன் வீட்டுக்காரன் கால் மேல கால் போட்டு உக்காந்துக்கிடலாம்."

"அது வேலை செய்யலேன்னா?"

"பழையபடி ஊதுபத்திதான். வேற என்ன?"

பொங்கலுக்கு முந்தின வாரம், வற்றிக் கிடந்த கண்மாயில், சாயங்கால வெளிச்சத்தில், வாடகை மைக் செட்டும் கட்டி, கோயில் கமிட்டிக்கு முன்னால் சோதனை வைத்தார். மச்சானோடு அக்காவும் நானும் போயிருந்தோம். கரண்டு பாய்ந்தால் சூடேறிப் பற்றிக்கொள்கிற திரிகளை வாங்கி, ஏழு குழாய்களில் குழாய்க்கு ஒன்றாகச் செருகியிருந்தார். கம்பி இழுத்ததும் அவரேதான். இந்த ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பை அவர் அங்கே செய்தார். சரவெடியில் ஒரு வெடி வெடித்து அடுத்ததற்கு நெருப்பைக் கொடுக்கும். கரண்டும் அதேபோல முதல் திரியைக் கொளுத்திவிட்டு இரண்டாவதற்கு நடந்து போகும் என்று நினைத்துவிட்டார். ஏழு திரிகளையும் ஒன்றின் வாலில் இன்னொன்றின் தலை என்று முடிந்து, கடைசியில் மிஞ்சிய இரண்டு முனைகளையும் பைக் பேட்டரி வரைக்கும் கொண்டுவந்தார். கம்பி, ஸ்பீக்கருக்குப் போடுகிற மெல்லிசுக் கம்பி. விலை குறைவு என்பதைத் தவிர அதில் வேறு சிறப்பில்லை.

சுவிட்சை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

"கரண்டு போய்ச் சேர நேரமாகும்" என்றார்.

கரண்டு என்ன, திருத்தங்கல் பஸ்ஸா? ஒவ்வொரு திரியும் ஒரு தடை. ஒரே வழியில் ஏழு தடைகளை வரிசையாக வைத்தால் தடை ஏழு மடங்காகும். ஓடுகிற கரண்டு அந்த அளவுக்குச் சுருங்கும். பேட்டரியின் வோல்டேஜையும் ஏழு பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆளுக்குக் கிடைக்கும் துளியில் ஒரு திரிகூடச் சூடாகாது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். அண்ணாச்சி புத்தகத் தாளை வெடி சுற்றத்தான் பார்த்திருப்பார்.

டிராக்டர் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, பைக் பேட்டரியோடு தொடுத்து மறுபடியும் அமுக்கினார். மூன்றாவது குழாய் மட்டும் 'டப்'பென்று மேலே போய் வெடித்தது. மற்றவை அப்படியே நின்றன.

"மிச்சம் எப்ப அண்ணாச்சி?" என்று கமிட்டிக்காரர் ஒருவர் கேட்டார்.

"வருது, வருது."

எங்கிருந்து வரும்? மற்றவற்றைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்த மூன்றாவது திரி முந்திக்கொண்டு எரிந்து அறுந்துவிட்டது. அங்கேயே வழி முடிந்தது. வழி அறுந்த பிறகு, அதற்கு முன்னால் இருப்பவனுக்கும் கரண்டு இல்லை, பின்னால் இருப்பவனுக்கும் இல்லை.

"ஏலே மகேஷு, ஊதுபத்திய எடு. ஆறு நிக்கி. தொட்டுட்டு வா."

மச்சான் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அக்கா பேட்டரியில் மாட்டியிருந்த இரண்டு முனைகளையும் பிடுங்கினாள். ஒன்றோடொன்று முறுக்கி, முந்தானையில் முடிந்துகொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"நீங்க போங்க அண்ணாச்சி."

"நானா?"

"ஆமா. வெள்ளை வேட்டி. மேல போனாலும் நல்லாத் தெரியும்."

கமிட்டிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சி குழாய்களைப் பார்த்தார். ஓரடி பின்னால் வைத்தார்.

"ஏ பாண்டி, எல்லாரும் பாக்காக" என்றார் மச்சான்.

"பாக்கட்டும். கை போன பெறகு யாரு வந்து பாப்பாக? சோறு யாரு ஊட்டுவாக, இந்த அண்ணாச்சியா?" பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினாள். "எங்க வீட்டுல ஃபேன் நின்னா டிவி நிக்கலியே. உங்க கரண்டுல மட்டும் ஒண்ணு அணைஞ்சா ஏன் அம்புட்டும் அணையுது?"

அண்ணாச்சி கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று முனகினார். மச்சான்தான், அபூர்வமாக, தலைக்குள் இருப்பதைப் பயன்படுத்தினார்.

"வீட்டுல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியால்ல ரெண்டு கம்பி போவுது."

"அப்ப இங்கனயும் அப்படிப் போடுங்க. அது வரைக்கும் இந்த முடிச்ச நான் அவுக்க மாட்டேன்."

கொஞ்ச நேரம் எல்லாரையும் தள்ளி நிற்கவைத்துவிட்டு, அவள் முந்தானை முடிச்சை நம்பித்தான் மச்சான் குழாய்ப் பக்கம் போனார். இரண்டு கம்பிகளைப் பக்கம் பக்கமாக இழுத்து, ஒவ்வொரு திரியின் ஒரு காலை இதிலும் மறு காலை அதிலும் கட்டினார். இனி ஒவ்வொன்றுக்கும் பேட்டரியின் முழு வோல்டேஜ் கிடைக்கும். ஒன்று அறுந்தால் இன்னொன்றுக்குக் கவலையில்லை. ஆனால் ஆறும் சேர்ந்து இழுக்கும்போது கம்பியில் ஓடுகிற கரண்டு கூடும். மெல்லிசுக் கம்பி தானே ஒரு தடையாகிப் பாதியை விழுங்கிவிடும். மைக் செட்டின் தடித்த கம்பியைக் கேட்டார்கள். அது வாடகைக் கம்பி என்றார் அண்ணாச்சி. ஒருத்தரும் காதில் வாங்காமல் அதையே இழுத்துக் கட்டினார்கள்; அதன் முனைகளும் அக்காவின் முந்தானை முடிச்சுக்கே போயின.

மச்சான் திரும்பி வந்து தன் பக்கத்தில் நின்ற பிறகுதான் அக்கா முடிச்சை அவிழ்த்தாள். டிராக்டர் பேட்டரியில் தானே மாட்டினாள். சுவிட்சையும் அவளே அமுக்கினாள். ஆறும் ஒன்றாக மேலே போயின.

கமிட்டித் தலைவர் அண்ணாச்சிக்குத் துண்டு போர்த்தினார். அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மொதல்ல ஒண்ணு, அப்புறம் ஆறு. பிளான் அதுதான். பொங்கலுக்கும் இப்படித்தான், ஊதுபத்தியே கிடையாது."

எல்லாரும் கை தட்டினார்கள். ரொம்ப பலமாகத் தட்டியது மச்சான்.

"என்னக்கா, மச்சானும் தட்டுறாரு?" என்றேன்.

"தட்டட்டும்" என்றாள் அக்கா. "தட்ட ரெண்டு கை இருக்குல்ல."