ஜரிகை முளைத்தவன்

ஆற்றில் மரக்கட்டை ஓட்டும் உஹெய்யைக் குடுமி கட்டும் கடையில் 'யாபோ' என்று சொன்ன அன்று மாலையே, அவன் மேல் ஜரிகை முளைத்தது. ரசனை கெட்டவனைக் குத்தும் சொல் அது. அதற்கு மேல் நான் விளக்கப்போவதில்லை.

ஆற்றங்கரை ஊரான எங்கள் ஃபுகாகாவாவில் மேலங்கி வெளியே கறுநீலமாகத்தான் இருக்கும். பட்டுத்துணியை உள்பக்கம் வைத்துத் தைப்போம், யாருக்கும் காட்டமாட்டோம். சாமானியன் பளபளப்பாக உடுத்தக்கூடாது என்பது சட்டம், மேலே தெரிந்தால் காவலர் பிடித்துப் போவார்கள். விசாரித்து விட்டுவிடுவோம் என்பார்கள். அவர்கள் பேச்சை நான் நம்புவதில்லை, போனவன் எவனும் வந்ததில்லை. உஹெய் அன்று கடையில் புது அங்கியைப் புரட்டி, "தொட்டுப் பாருங்கப்பா, உள்ளே ஜரிகைக் கொக்கெல்லாம் பறக்குது" என்றான். குடுமி கட்டும் தோமெகிச்சி தலைகூட நிமிராமல், "யாபோ" என்றான். கடையே சிரித்தது.

வீடு வருவதற்குள் தோளில் பொன்னிழை. மனைவி ஒதாமா அங்கியைக் கழற்றினாள். தோலிலேயே கொக்குகள் பறந்தன. கரி பூசினாள், கரியும் மின்னியது. மறுநாள் காவலர் பாலத்திலிருந்து வீடு வீடாகத் தட்டிக்கொண்டு வந்தார்கள். உஹெய் பாய்க்கடியில் ஒளிந்துகொண்டு, "வெளிச்சம் தெரியுதாடி?" என்று கேட்டான். தெரிந்தது.

ஒதாமா நேரே குடுமிக் கடைக்குப் போனாள்.

"அண்ணே, யாபோன்னா என்ன அர்த்தம்?"

"இதைப்போய் கேக்கறியே தங்கச்சி. கேக்கறதே யாபோ."

அவள் தலையில் செருகியிருந்த சீப்பு தங்கமாயிற்று. அவள் அசையவில்லை.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்கண்ணே. அர்த்தம் தெரியாமலா ஊரையே வைஞ்சுக்கிட்டு இருக்கீங்க?"

உட்கார்ந்திருந்தவர்கள் களுக்கென்றார்கள். தோமெகிச்சிக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கா தெரியாது? காட்டக்கூடாததைக் காட்டுறது. புரிஞ்சதையே விளக்கிச் சொல்றது. அதாவது…"

கையிலிருந்த சவரக்கத்தி பொன்னாயிற்று, பிறகு விரல்கள். அவனுக்கு அது தெரிந்தது, ஆனாலும் வாய் நிற்கவில்லை. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் உஹெய்யிடமிருந்து ஒரு கொக்கு கிளம்பி, தெருவைக் கடந்து வந்து தோமெகிச்சி மேல் உட்கார்ந்தது. ஒதாமாவின் சீப்பு பழையபடி மரமானபோது காவலர் வாசலில் நின்றார்கள்.

கட்டி இழுத்துப் போகும்போதும், "அதாவது… அதாவது…" என்று சொல்லிக்கொண்டே போனான். என்ன நடந்தது என்று காவலர் எங்களைக் கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

உஹெய் இன்றும் கட்டை ஓட்டுகிறான். யாராவது ரசனைகெட்டு நடந்தால் நாங்கள் பேசாமல் ஆற்றைப் பார்ப்போம். தோமெகிச்சி திரும்பவில்லை; அவனைக் கொண்டுபோன பாலத்தடியில் மட்டும் தண்ணீர் ஜரிகையாக ஓடுகிறது. கட்டைகள் அதன் மேல்தான் போகின்றன.