'நீங்க' ஆகிவிட்ட அப்பா

நூலகத்தின் மேல்மாடியில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பாக்கள் கூடுவார்கள். எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், வட்டமாக. பிள்ளைகளோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோன ஆண்கள் மனம்விட்டுப் பேச வேண்டும் என்று ஏற்பாடு. ஆண்களாவது, மனம்விட்டுப் பேசுவதாவது! முதல் அரைமணி நேரம் பார்க்கிங் தொல்லை பற்றித்தான் பேச்சு.

அன்று பேக்கரிக்காரர் பொங்கிவிட்டார். "என் பையன் என்னைப் பார்த்து 'போய்யா'ங்கிறான் சார். பெத்த அப்பனை!"

டாக்ஸி டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "உங்ககிட்ட அதையாவது சொல்றான். என் வீட்ல கதவை டமால்னு சாத்துறதோட சரி."

லிஃப்ட் மெக்கானிக்கின் கதை வேறு. விவாகரத்துக்குப் பிறகு ஒன்பது வயது மகள் அவள் அம்மாவோடு இருக்கிறாள். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் இவருக்கு. அந்த நேரம் பார்த்து எங்காவது ஒரு லிஃப்ட் நடுவில் நின்று தொலைக்கும், இவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். இப்படியே ஐந்து சனிக்கிழமைகளைக் கோட்டைவிட்டாயிற்று. முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டார், நல்ல மனிதர்தான் போங்கள்!

"உங்க பொண்ணு எப்படி?" என்று அவரைக் கேட்டார் கூட்டத்தை நடத்தும் ஆலோசகர் அம்மா.

"ரொம்ப மரியாதைங்க. வாங்கப்பா, சொல்லுங்கப்பான்னுதான் பேசும்."

"கொடுத்து வச்சவர்யா!" என்றார் பேக்கரிக்காரர். "அந்த வித்தையை எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுங்க."

இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். மெக்கானிக்கின் முகம் கோணியது.

"முன்னாடி அப்படி இல்லைங்க. நீ வா, நீ தூக்கு, நீ ரொம்ப மோசம்ப்பா... எல்லாமே நீதான். இந்த ஒரு மாசமாத்தான் நீங்க ஆயிட்டேன்."

தட்டிய கைகள் மடிக்குப் போயின. அங்கே யாருக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெற்ற மகளுக்கே வெளியாள் ஆகிவிட்டோமோ என்ற பயம் ஒரு மாதமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது. அந்த 'நீ' திரும்பி வராவிட்டால் தன்னை அப்படிக் கூப்பிட இனி உலகத்தில் ஆளே இல்லை.

"மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்காதீங்க. அவகிட்டயே கேட்டுடுங்க, இப்பவே," என்றார் ஆலோசகர்.

மெக்கானிக் வராந்தாவுக்குப் போய், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்று போன் போட்டார்.

"சொல்லுங்கப்பா."

"அப்பாவை ஏம்மா இப்பல்லாம் நீங்கன்னு சொல்ற?"

யோசித்தாள். "தெரியல. டீச்சர்கிட்ட பேசுற மாதிரியே வந்துடுது."

"அப்பா மேல கோவமா?"

"இல்லைங்க."

கோபம் என்றாலாவது கெஞ்சிக் கூத்தாடி இறக்கிவிடலாம். இதை என்ன செய்வது?

"பழைய மாதிரி ஒரே ஒரு தடவை நீன்னு சொல்லேன், கண்ணு. அப்பாவுக்காக."

நல்ல பிள்ளை அவள். பெரியவர்கள் கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நீ... சனிக்கிழமை... வருவீங்களா?"

கண்டிப்பாக வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். ஐந்து வாரமும் அதையேதான் சொல்லியிருந்தார்.